கட்டிலை விட்டு இறங்காத லீலா

“தம்பி, இதைப் பொளந்து அடுப்புல வையி. இந்தக் குளிருக்கு நல்லா எரியும்!”

பிரசவத்துக்கு உதவியாக இருக்க அய்யம்பாளையத்திலிருந்து வந்த கந்தம்மாள் அத்தை, கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அத்தை சொன்னது குழந்தைக் கட்டிலைத்தான். கொடைக்கானலை விட்டுக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, லீலாவின் அப்பா அழகுமலை அதை வாங்கி, நாயுடுபுரம் மேடு முழுக்கத் தலையிலேயே சுமந்து வந்தார். நாலு பக்கமும் மரக்கம்பிகள் வைத்த கட்டில். அடுத்த மாதம் பிறக்கப்போகும் பாப்பாவுக்கு அது கட்டாயம் வேண்டும். தகரக் கூரையைத் தாங்கும் மரங்கள் உளுத்துப்போனதால் தூளி கட்ட வழியில்லை. தரையோ, கால் வைத்தாலே விறைக்கும்.

பாப்பாவுக்காக ஜன்னலோர மூலைக்குச் சுண்ணாம்பு அடித்தது பத்து வயது லீலாதான். பேரிக்காய்ப் பெட்டியைத் துணி அடுக்கும் அலமாரி ஆக்கியதும் அவள்தான். இப்போது உப்புத்தாளால் கட்டிலின் பழைய வர்ணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் அத்தே எரிக்கணும்?”

“நல்லா இருக்குற புள்ளையோட கட்டிலை யாராச்சும் விப்பாகளாடி? அதுல கெடந்த புள்ள தவறிப்போயிருக்கும்.”

கட்டிலைப் பிடித்திருந்த அம்மா சோலையம்மாள், சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள். “நமக்கு எதுக்குங்க வம்பு? வேண்டாம்” என்றாள்.

அம்மாவின் முகத்தைப் பார்த்த அப்பா, போய்க் கோடாலியை எடுத்துவந்தார்.

லீலா ஒரே தாவாகத் தாவிக் கட்டிலுக்குள் உட்கார்ந்தாள். முழங்கால் முகவாயில் இடித்தது.

“அடுப்புல வைக்கிறதுன்னா என்னையும் சேத்து வைங்க!”

“ஏலே அழகுமலை, உன் மக கோழிக்கூண்டுக்குள்ள கெடக்கா பாரு!”

“கெடந்துட்டுப் போறேன். அந்தப் புள்ள வளந்திருக்கும். அதான் வித்துட்டாங்க.”

“நீ போயிப் பாத்தியா?”

“நீங்க பாத்தீங்களா?”

அப்பா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லீலா உள்ளே இருந்தபடியே தேய்த்தாள். வெள்ளைப் பொடி மூக்கெல்லாம் அப்பியது. மேல் சட்டத்தில் வர்ணம் உதிர்ந்த இடத்தில் அவள் கை சட்டென்று நின்றது. சின்னச் சின்னக் குழிகள், வளைவாக, பக்கம் பக்கமாக.

“அம்மா, வெரசா வாங்க! பல்லு!”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

“எலி கடிச்சிருக்கும்” என்றாள் அத்தை.

“எலி கடிச்ச நம்ம அரிசிப் பெட்டி மூடியைப் பாருங்க, ஓரமே காணோம். இங்க மரம் போகல, அமுங்கித்தான் கெடக்கு.”

சொன்னவள் அதே சட்டத்தின் மறுகோடியை நறுக்கென்று கடித்தாள். “த்தூ!” என்று துப்பினாள். அவள் பல் பதிந்த இடமும் அதேபோல வளைவாகத்தான் இருந்தது. கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

“இந்த உசரத்துல கடிக்கணும்னா அந்தப் புள்ள எந்திரிச்சு நின்னிருக்கணும். பல்லு மொளச்சு, எந்திரிச்சு நின்னு, கட்டிலையே தின்னப் பாத்த புள்ள அத்தே அது!”

அம்மா அந்தக் குழிகளை விரலால் தடவினாள். மெல்லச் சிரிப்பு வந்தது. “நீயும் இப்படித்தான்டி. உங்கப்பா தோளை ஒரு நாளும் கடிக்காம விட்டு வைக்கல.” எடுத்த கையை மறுபடி கட்டில்மேலேயே வைத்தாள். “மதினி, கட்டில் இருக்கட்டும்.”

அத்தை பெருமூச்சு விட்டாள். “பொல்லாத புள்ளையாத்தான் இருந்திருக்கும். சரி, எறங்குடி.”

“மாட்டேன். கோடாலி போகட்டும்.”

அப்பா கோடாலியைக் கொண்டுபோய் வைத்தார்.

“இப்பவாச்சும் எறங்கு!”

“மாட்டேன். அந்தப் பக்கத்துக் கம்பியெல்லாம் பாக்கி கெடக்கு.” கம்பிகளின் நடுவே ஒரு துண்டு உப்புத்தாளை நீட்டினாள் லீலா.

அத்தை முறைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, உப்புத்தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவள் இரண்டு கம்பிகளைத் தேய்த்து முடித்த பிறகுதான், லீலா ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே வைத்தாள்.