கைப்பிடியின் அடிப்பக்கம்

"என் தம்பிய உள்ள வெச்சிட்டாங்க சார்! ஒரு ஆணி கோணலாப் போனாக்கூட அவனுக்குத் தூக்கம் வராது!" என்று தச்சரின் அக்கா துப்பறிவாளர் வீட்டு வாசலிலேயே பொரிந்து தள்ளினாள்.

மலைப்பாதை வளைவில் இருந்த ஒரு தங்கும் விடுதியில், முந்தைய நாள் பால்கனிக் கைப்பிடி முறிந்து ஒரு புதுப்பெண் கீழே விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கைப்பிடியைப் பழுதுபார்த்த தச்சர்தான் காரணம் என்று முதலாளி புகார் கொடுத்துவிட்டார். பழியைத் தூக்கி இளைத்தவன் தலையில் போடுவது இந்த மாதிரி ஆட்களுக்குக் கைவந்த கலை.

துப்பறிவாளரை எல்லோரும் 'நிதானம்' என்பார்கள். உதவிக்கு இருந்த அவருடைய மச்சினிக்கு அந்தக் குணமே ஆகாது. மூவரும் விடுதிக்குப் போனபோது சப்-இன்ஸ்பெக்டரும் இருந்தார்.

"போன மாசமே பெயின்ட் அடிச்சாச்சு. தச்சன் போன வாரம்தான் வந்து ரிப்பேர் பண்ணான்," என்றார் முதலாளி.

"பொய்! ரெண்டு மாசம் முன்னாடியே பாத்துட்டு, மரம் உளுத்துப்போச்சு, மாத்தணும்னு சொன்னான். அப்புறம் நீங்க கூப்பிடவே இல்ல!" என்றாள் அக்கா.

நிதானம் முறிந்த கட்டையைப் புரட்டினார். மேலே பளபளவென்று பச்சைப் பெயின்ட். அடிப்பக்கம் வெறும் மரம். வந்து தங்குகிறவர் கண்ணில் படாத இடத்துக்கு அங்கே பெயின்ட் கிடையாது. அதில் தடித்த பென்சிலால் ஒரு பெரிய பெருக்கல் குறி. குறியின் ஒரு முனைமேல் பச்சை வழிந்து காய்ந்திருந்தது.

"கழிச்சுப்போட வேண்டிய மரத்துக்குத் தம்பி போடற குறி சார்!"

"நேத்து கலவரத்துல வந்து கிறுக்கியிருப்பான்," என்றார் முதலாளி.

"அப்படின்னா பெயின்ட் மேல குறி இருக்கணும். இங்க குறி மேல பெயின்ட் இருக்கு. ரிப்பேர் பண்ணதாச் சொல்றீங்க, ஒரு புது ஆணிகூட இல்ல. கழிக்கச் சொன்ன மரத்தைப் பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்கீங்க," என்றார் நிதானம்.

"சீசன் சார்... கைப்பிடியக் கழட்டினா ரூமை மூடணும்..."

அதற்குள் வெளியே போயிருந்த மச்சினி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "மாமா, கீழ நின்னு அண்ணாந்து பாத்தேன். மிச்ச நாலு பால்கனியிலயும் இதே குறி!"

"அந்த நாலு ரூம்லயும் ஆளுங்க இருக்காங்களா?"

முதலாளி தலையைக் குனிந்தார். "எல்லாம் ஃபுல்."

"ஒரு பொண்ணு விழுந்தப்புறமுமாய்யா?" நிதானம் கத்திய கத்தலில் மச்சினியே நடுங்கிவிட்டாள்.

தச்சரின் அக்கா அதற்குள் மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தாள். கதவு கதவாக இடித்து, "உள்ள வாங்க! யாரும் சாயாதீங்க!" என்று அலறினாள். மூன்றாவது அறையில் ஒருவர் குழந்தையைக் கைப்பிடிமேல் உட்காரவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அவள் குழந்தையைப் பறித்துக்கொண்டு உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கீழே சப்-இன்ஸ்பெக்டர் முதலாளியின் கையைப் பிடித்தபடி போனில் சொன்னார்: "அந்தத் தச்சரை உடனே வெளிய விடுங்க. அவர் இருந்த லாக்கப் ரூமுக்கு வேற ஆளக் கூட்டிட்டு வர்றேன்."