போட்டு வாறன்

தண்ணீர் விடுவதற்கு முன்பே வேர்கள் பச்சையாக இருந்தன.

மதுரா ஸ்பிறே போத்தலைப் பிடித்தபடி நின்றாள். மண்ணில்லாமல் கம்பியில் தொங்கும் வண்டா ஓர்கிட்டின் வேர் காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால்தான் பச்சை. மழையும் இல்லை, மானிப்பாய் வெயில் வெளியே கொளுத்தியது. இந்தப் பச்சை வலைக் கொட்டிலின் பூட்டுத் திறப்பு அவளிடம் மட்டுமே இருந்தது. செடிகளை வளர்த்த கேதீஸ்வரி அக்கா செத்து ஒரு மாதம். இலண்டனில் இருக்கும் மகள், தான் வந்து விற்கும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு வேருக்கு ஆகாதென்று தாங்கியில் மழைநீர் பிடித்து வைத்திருந்தாள் மதுரா. தாங்கி மூடியில் அவள் கட்டிய கயிறு அப்படியே இருந்தது. செடிக் கூடைகளில் போட்ட கரி நனைந்த வாசனைக்குள் மெல்ல ஓடிக்கொலோன் மணந்தது. அக்கா பூசுவது.

"எனக்கென்ன விசரோ?" என்று தன்னையே ஏசிக்கொண்டாள். பாலர் நேசறி விடும் நேரம். மகன் ஆரூரனைக் கூட்டிவர அவளைத் தவிர ஒருவருமில்லை. நாலு வயது, அம்மாவைக் காணாவிட்டால் றோட்டுக்கு ஓடி வந்துவிடுவான்.

அக்கா பழக்கிய பழக்கம், கதவடியில் நின்று செடிகளிடம் விடைபெற்றுச் சொன்னாள்: "போட்டு வாறன், பிள்ளையள்."

"ஓம் பிள்ளை, போட்டு வா."

பின்னாலிருந்து. அக்காவின் குரல்.

மதுரா திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் தள்ளி வெளியே பாய்ந்தாள். ஈரமான வேர்கள் நெற்றியைத் தடவின. கொட்டிலுக்குள்தான் நின்றாள். திரும்பவும் பாய்ந்தாள். வேர்கள். திரும்பவும். வேர்கள், பச்சை நிழல், ஓடிக்கொலோன். சனியன் பிடித்த கதவு! வலையைப் பல்லால் கடித்து இழுத்தாள். ஒரு நூல்கூட அறவில்லை.

நேசறிக்குப் போன் எடுத்தாள். "ரீச்சர், பிள்ளையை வெளியிலை விடாதேங்கோ. நான் வரச் சுணங்கும்."

"என்ன மதுரா, பகிடியோ? இப்பதானே வந்து கூட்டிக்கொண்டு போனியள்."

சைக்கிள் மணி கேட்டது. வேலிப் படலை திறந்தது. வலைக்கு வெளியே அவள் உடுத்திருந்த அதே நீலச் சட்டை. அவளுடைய நடை. சைக்கிள் பாரில் ஆரூரன், சிரித்தபடி.

அப்போதுதான் அந்தச் சொல் விளங்கியது. போட்டு, வாறன். வெளியே போனது ஒருத்தி. கொட்டிலுக்குள் திரும்பி வந்தது இவள்.

"ராசா, பூக்களுக்குப் போட்டு வாறன் எண்டு சொல்லு," என்றது வெளியே அவளுடைய குரல்.

சொல்லாதை! ஐயோ, சொல்லாதையடா! தொண்டை கிழியக் கத்தினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போட்டு வாறன்!"

மதுராவின் வாய் தானாகத் திறந்தது. "ஓம் ராசா," என்றது. "போட்டு வா."

மணிச் சத்தம் றோட்டில் தூரமாகிக்கொண்டு போனது. அவனுடைய சிரிப்பும் கூடவே போனது. வேர்களுக்குள்ளிருந்து ஈரமான ஒரு சின்னக் கை வந்து அவள் விரலைப் பிடித்தது.

"அம்மா," என்றான் ஆரூரன், "வீட்டை போவம்."