நீலம் பாய்ந்த டிஸ்க்

சொட்!

நோரீனின் முழங்கையில் சிவப்பாக ஒரு துளி விழுந்தது.

கியர்பாக்ஸ் ஆயில்... அதுவும் சிவப்புதான் என்று நினைத்தாள்.

ஆனால் கியர்பாக்ஸ் இருப்பது முன்னால். அவள் நின்றது டிக்கிக்கு நேர் கீழே!

அவளுடைய மெக்கானிக் ஷெட்டின் லிஃப்டில், தலைக்கு மேலே நின்ற அந்த வெள்ளைக் கார் லெஸ்டர் பிரிங்கிளுடையது. குவீன்ஸ்லாந்துக் கடலோரத்தில் முல்லெட் குடா நகரசபையின் கவுன்சிலர். பொதுக் கழிப்பறை திறந்தாலும் ரிப்பன் வெட்ட ஓடி வருகிறவர். வெட்டிய கத்தரிக்கோல்களைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பவர்.

"என்னம்மா, ஆச்சா?"

பின்னால் குரல்! நோரீன் சட்டென்று கையைக் கால்சட்டையில் துடைத்தாள்.

"பார்த்துட்டிருக்கேன் கவுன்சிலரே. பிரேக் போட்டா ஸ்டியரிங் உதறுதுன்னீங்களே..."

"உதறலா? கை எலும்பே கழண்டுடும் போலிருக்கு! மட்டமான வண்டி!"

லிஃப்டை இடுப்பளவுக்கு இறக்கி, முன்சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் டிஸ்க்கில் அளவுமானியைப் பொருத்திச் சுழற்றினாள். முள் வெறி பிடித்து ஆடியது.

"டிஸ்க் கோணிப்போச்சு. அங்கங்க நீலம் பாய்ஞ்சிருக்கு பாருங்க... லோ கியர் போடாம, மலை முழுக்கப் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கியிருக்கீங்க."

"லோ கியரெல்லாம் கரும்பு லாரிக்காரனுக்கு!"

"இறங்கின சூட்டோட பைப்பைப் பிடிச்சு வண்டியைக் கழுவியிருக்கீங்க. கொதிக்கிற இரும்பு மேல பச்சைத் தண்ணி! அப்படி என்ன அவசரம்?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

என்ன அவசரம்?

கடகடகட...

ஷட்டர் இறங்கியது! சுவிட்ச் பக்கத்தில் லெஸ்டர். கையில் அவளுடைய டயர் லீவர்.

"நீ கை துடைச்சதைப் பார்த்துட்டேம்மா."

வேறு வாசல் இல்லை. ஜன்னலை டயர் அடுக்கு அடைத்திருந்தது. ஊரே ஃபுட்டி மேட்ச் பார்க்கப் போயிருந்தது. கத்தினாலும் கேட்க ஆளில்லை.

"யா... யாரு டிக்கிக்குள்ளே?"

"கோலின். நகரசபை இன்ஜினீயர். நான் திறந்து வெச்ச மலையுச்சி மேடையில விரிசலாம்! கூட்டத்துல சொல்லுவானாம்!"

"அதுக்காகவா...?"

"என் பேரு பொறிச்ச பித்தளைப் பலகை இருக்கற மேடைம்மா அது! டிஸ்க்கை மாத்து. இவனைப் புதைக்கக் கரும்புக்காடு தாண்டிப் போகணும். இந்த உதறலோட முடியாது."

"அப்புறம்... நான்?"

"டிக்கி பெரிசு."

நோரீன் வேலையில் இறங்கினாள். புது டிஸ்க்குகளை மாட்டினாள். பிரேக் பிஸ்டனைப் பின்னால் தள்ளி, புது பேடுகளைச் செருகினாள். சக்கரங்களைப் பூட்டி வண்டியைத் தரையிறக்கினாள். லெஸ்டர் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

"ஷட்டரைத் தூக்கு! வண்டிக்கு முன்னாலயே நட. வெளிய போனதும் டிக்கியில ஏறு. ஓடினே... ஏத்திடுவேன்!"

நோரீன் பிரேக் பெடலைப் பார்த்தாள். இந்த வண்டிக்கு முன்னால் நடப்பதா?

"கவுன்சிலரே! பெடலை முதல்ல நாலஞ்சு வாட்டி மிதிச்சு விடுங்க. பிஸ்டன் பின்னால போயிருக்கு. முதல் மிதிக்குப் பிரேக்கே பிடிக்..."

"வாயை மூடு! ஊரையே ஓட்டறவனுக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியா?"

"சத்தியமாச் சொல்றேன்..."

"நடடீ!"

ஷட்டரைத் தூக்கிவிட்டு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் இன்ஜின் உறுமியது. வாசல்... அதைத் தாண்டியதும் சரிவு...

"நில்லு!" என்று கத்தியபடி லெஸ்டர் பிரேக்கை அழுத்தினார்.

பெடல் தரையோடு படுத்துக்கொண்டது!

நோரீன் பக்கவாட்டில் பாய்ந்தாள். பம்பர் அவள் பூட்ஸை உரசிக்கொண்டு போனது.

விட்டு விட்டு மிதித்திருந்தால் பிடித்திருக்கும். லெஸ்டரோ மிதித்தது மிதித்தபடி, "நான் கவுன்சிலர்!" என்று ஸ்டியரிங்கிடம் அலறினார்.

சரிவு அவருக்கு ஓட்டுப் போடவில்லை.

படகு இறக்கும் மேடை... அதற்கும் கீழே... ப்ளக்!

கடல் உள்வாங்கியிருந்த நேரம். பாதிக் கதவு வரை சேறு. லெஸ்டர் தோளால் இடித்தார். கதவு அசையவில்லை.

டிக்கி மட்டும் படாரென்று திறந்தது.

நெற்றியில் ரத்தம் வழிய ஓர் உருவம் எழுந்து உட்கார்ந்தது.

கோலின்!

"நீங்க... சாகலையா?" நோரீன் திணறினாள்.

"மலையிலேர்ந்து இவர் ஓட்டின ஓட்டுக்கு, செத்திருந்தாலும் முழிச்சிருப்பேம்மா!"

நோரீன் போலீசுக்குப் போன் போட்டாள்.

சேற்றிலிருந்து லெஸ்டர் கத்தினார். "அடியே! என் வண்டியை என்னடீ பண்ணித் தொலைச்சே?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு நோரீன் கேட்டாள்:

"உதறல் நின்னுதா இல்லையா, கவுன்சிலரே?"