தண்ணீர் குடிக்காத கான்கிரீட்

காலை மணி 9.10. கட்டுமானக் கண்காட்சியின் பதினேழாம் அரங்கில் அவள் ஒரு வாளித் தண்ணீரைக் கான்கிரீட் பலகையின் மேல் ஊற்றினாள். நேற்றுவரை மடக் மடக்கென்று குடித்த பலகை இன்று ஒரு சொட்டைக்கூட உள்ளே விடவில்லை. தண்ணீர் விளிம்பில் வழிந்து அவள் செருப்பை நனைத்தது.

மழைநீரைத் தெருவில் தேங்கவிடாமல் மண்ணுக்குள் இறக்கும் தளம் அது. அவள் கணவர் ஆறு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தது. அவர் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இன்று பதினோரு மணிக்கு நகராட்சிப் பொறியாளர் வருவார். பலகை தண்ணீர் குடித்தால் நாற்பது தெருக்களுக்கு இதுதான். குடிக்காவிட்டால் கணவரின் பெயர் அத்தோடு சரி. எல்லாம் தெரிந்தும் அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அவர் போனதிலிருந்தே உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

9.25. கண்காட்சியின் காவல் பொறுப்பாளர் வந்து பலகையை நகத்தால் சுரண்டினார்.

"சிமெண்டைக் கரைச்சுத் துளையெல்லாம் அடைச்சிருக்காங்க. நேத்து சாயங்காலமே பூசியிருக்கணும்."

நேற்று மூடும் நேரத்தில் இந்த வரிசையில் இருந்தவர்கள் இரண்டே பேர். எதிர் அரங்கில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு தரை ஓடு விற்பவர் ஒருவர். இன்னொருவர் அவளுடைய கொழுந்தன், பலகையை வார்த்த மேஸ்திரி. இன்று காலையிலும் ஏழு மணிக்கு முன்பே இருவரும் வந்துவிட்டார்கள். சொந்த வீட்டு ஆளை யார் கேட்பார்கள்? பொறுப்பாளர் நேரே டைக்காரரிடம் போனார்.

"உங்க அரங்குல சிமெண்ட் மூட்டை இருக்கே?"

"கட்டுமானக் கண்காட்சி சார். சிமெண்ட் இல்லாத அரங்கு ஒண்ணு காட்டுங்க, நான் தொழிலையே விட்டுடறேன்."

"காலைல ஆறரைக்கே என்ன வேலை?"

"ஓடு அடுக்கணும்ல."

9.40. பெருக்குகிற அம்மாவைக் கேட்டார்கள்.

"ஏழு மணிக்கு வந்தேன். பலகை மேல சாக்கு போட்டிருந்துச்சு. தண்ணி சொட்டிக்கிட்டிருந்துச்சு, துடைச்சு விட்டேன்."

"செஞ்சதை மறைக்கத்தான் சாக்கு" என்று பொறுப்பாளர் முடிவே கட்டிவிட்டார். டைக்காரரின் முகம் வெளிறியது.

ஓரத்தில் கிடந்த சாக்கை அவள் தூக்கிப் பார்த்தாள். இன்னும் கனத்தது. காலையில் அதை எடுத்தது அவள்தான். சுருக்கம் இல்லாமல் விரித்து, நான்கு ஓரமும் பலகைக்கு அடியில் செருகியிருந்தது. தூசிக்காக என்று நினைத்துக்கொண்டாள்.

10.05. "அவரை விட்டுடுங்க சார்" என்றாள் அவள். "மறைக்கிறதுக்குக் காய்ஞ்ச சாக்கே போதும். ராத்திரி முழுக்க இந்த அரங்குல மின்விசிறி ஓடியிருக்கு, நேத்தே நனைச்சிருந்தா காய்ஞ்சிருக்கும். ஆனா ஏழு மணிக்குத் தண்ணி சொட்டியிருக்கு. காலைல யாரோ நனைச்சிருக்காங்க. பூசின சிமெண்ட் வெடிக்காம இருக்கத்தான் ஈரச்சாக்கு போடுவாங்க. கெடுக்கணும்னு வந்தவங்களுக்கு அது வெடிச்சா என்ன? கெடுக்கிறப்பகூட சிமெண்டைக் காய விட மனசு வராதவர் இங்க ஒருத்தர்தான்."

அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"நீதானே தம்பி?"

மேஸ்திரி மறுக்கவில்லை. "முப்பது வருஷக் கை அண்ணி. காலைல பார்த்தேன், வெடிப்பு விட ஆரம்பிச்சிருந்துச்சு. யோசிக்கிறதுக்குள்ள நனைச்சுட்டேன்."

"ஏன் பூசினே?"

"பஸ் நிலையத்துல பரீட்சைக்கு இதே தளத்தைப் போட்டோமே, அது பொடிப்பொடியா உதிருது. போன வாரம் ஒரு அம்மா பள்ளத்துல தடுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாங்க. உதிரும்னு அண்ணனுக்கு அப்பவே தெரியும். சரி பண்ணிட்டு உங்ககிட்ட சொல்றேன்னார். அதுக்குள்ள போயிட்டார். அண்ணன் செஞ்சது தப்புன்னு நான் எந்த வாயால சொல்வேன்? தண்ணி இறங்கலைன்னா அவங்களே வேண்டாம்னுடுவாங்கன்னு பார்த்தேன்."

பொறுப்பாளர் புகார் எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

11.00. நகராட்சிப் பொறியாளர் வந்து சேர்ந்தார். "ஊத்துங்கம்மா, பார்க்கலாம்."

"வேண்டாம் சார். தண்ணி இறங்க வைக்கலாம். ஆனா வண்டி ஏறினா இது உதிர்ந்துடும். என் வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரிஞ்சும் மறைச்சுட்டார்."

சொல்லி முடித்ததும் அவர்மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. என்கிட்ட ஏன் சொல்லலை என்று போனவரைப் பார்த்துக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அத்தனை பேர் முன்னால், பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, அவள் அழுதாள்.