பதினோராவது மணி

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, பெண்டன்ட் என்ற அந்த இயந்திரக் கை வைத்த இடத்தில் இல்லை.

அதிகமில்லை, ஒரு சாண் தூரம்தான் நகர்ந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். கௌசலா கவனித்தாள். போகும்போது அதன் நுனிக்கு நேர்கீழே தரையில் நீல டேப் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். இப்போது டேப் சுவர்ப்பக்கம் தனியாகக் கிடந்தது. பெண்டன்ட்டின் நுனியோ படுக்கையின் தலைமாட்டுக்கு மேலே நின்றது.

சுபாங் ஜெயா தொழிற்பேட்டையில், அவள் பதினாறு வருடமாக வேலை பார்க்கும் நிறுவனத்தின் பின்கட்டில் இருந்தது அந்தச் சோதனை அறை. ஒரு தீவிர சிகிச்சை அறை எப்படி இருக்குமோ அப்படியே அமைத்திருந்தார்கள். வெளிர்பச்சைச் சுவர், விரிப்பு விரித்த காலிக் கட்டில், கூரையிலிருந்து தொங்கும் பெண்டன்ட். மனிதக் கையைப் போலவே அதற்குத் தோளில் ஒரு மூட்டு, முழங்கையில் ஒரு மூட்டு. நுனியில் இருக்கும் தட்டுகளில் சுவாசக் கருவியும் மருந்து பம்புகளும் உட்காரும். நோயாளியைக் கட்டிலோடு நகர்த்த வேண்டி வந்தால் நர்ஸ் கைப்பிடியிலுள்ள பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்துவார். 'உஸ்' என்று குழாய்க் காற்று உள்ளே போய் மூட்டுகளின் பிரேக்கைத் தளர்த்தும். நூற்றைம்பது கிலோவும் ஒரு விரல் அசைவுக்கு வரும். விரலை எடுத்தால் பிரேக் இறுகிவிடும். காற்று இல்லாவிட்டால் நாலு ஆள் சேர்ந்து இழுத்தாலும் அசையாது.

அப்படித்தான் அவள் வடிவமைத்திருந்தாள்.

"இன்னும் அந்தப் பழைய பீஸையா நோண்டிக்கிட்டு இருக்க?" கதவருகே ரஞ்சன் நின்றான். அவளுடைய மேலதிகாரி. கையில் ஐஸ் கோப்பிப் பொட்டலம். "கிள்ளான் ஆஸ்பத்திரில இருந்து வந்து மூணு நாளாச்சு. கழட்டிப் போட்டுட வேண்டியதுதானே? கேஸ் குளோஸ் ஆயிடுச்சுலா, கௌசி."

"இந்த ரூமுக்குள்ள யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல. எல்லாரும் காஜாங் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. புது ஐசியூ, பன்னிரண்டு ரூமு. காலைல எட்டு மணிக்கே பேஷண்ட்ஸ உள்ள மாத்தியாச்சு. உன்னோட டிசைன், நீ சைன் பண்ணது. கொஞ்சம் சிரி."

அவள் சிரித்தாள். அவன் போனபின் சுவரிலிருந்த காற்றுக் குழாயின் திருகை இறுக மூடினாள். மின்சாரத்தையும் அணைத்தாள்.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் அது நடந்து பதினோரு மாதமாகிறது. வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த பவுனம்மாள் என்ற அறுபத்து மூன்று வயது அம்மாள். விடியற்காலையில் அவருடைய கட்டிலுக்கு மேலிருந்த பெண்டன்ட் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கூடவே சுவாசக் குழாயையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. விசாரணையில் கௌசலாவைக் கேட்டார்கள். ஒழுங்காகப் பூட்டியிருந்தால் அது தானாக நகர வாய்ப்பில்லை என்றாள். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. இரவு வேலையிலிருந்த மலர்விழி என்ற நர்ஸ் பிரேக்கைச் சரியாகப் போடவில்லை என்று எழுதி முடித்தார்கள்.

ஆனால் அது தானாக நகரும். கௌசலாவுக்குத் தெரியும். பிரேக்குக்குள் சுண்டுவிரல் மோதிரம் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. முழுப் பாரத்தோடு பத்து மணி நேரம் நின்றால் அது சூடேறி இளகிவிடும், காற்று உள்ளே கசிந்து பிரேக்கைத் தளர்த்தும். இதே அறையில் சோதனை ஓட்டியபோது, பதினோராவது மணி முடிந்ததும் பெண்டன்ட் நகரத் தொடங்குவதை அவள் தன் கண்ணால் பார்த்தாள். வேறு வளையம் வரவழைக்க மூன்று மாதம் ஆகும். சோதனை அறிக்கை எங்கே என்று ரஞ்சன் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தான். 'இருபத்து நான்கு மணி நேரம், அசைவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போன மாதம், காஜாங்குக்குப் போன பன்னிரண்டுக்கும், அதே வாக்கியத்தை இன்னொரு முறை எழுதினாள். கை நடுங்கவில்லை. அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

உஸ்.

திரும்பினாள். வெளியே மழைக்கு முன்னால் வரும் அந்த மஞ்சள் வெளிச்சம் சன்னலில் அப்பியிருந்தது. ஏர்கோன் நின்றுபோன அறையில் புழுக்கம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இயந்திர எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே வேறொரு வாசனையும் கலந்திருப்பதாக, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் போடும் பவுடரும் வியர்வையும் சேர்ந்த வாசனையாக, அவளுக்குத் தோன்றியது. திருகு மூடித்தான் இருந்தது. மின்விளக்கு ஒன்றும் எரியவில்லை.

பெண்டன்ட் நகர்ந்துகொண்டிருந்தது.

சுவர்க் கடிகாரத்தின் நிமிட முள் நகர்வது போல. பார்க்கும்போது நிற்கிறது, கண் சிமிட்டினால் இடம் மாறியிருக்கிறது. கிட்டே போனாள். கைப்பிடியிலிருந்த பொத்தான் முழுதாக உள்ளே அமுங்கியிருந்தது. அதன்மேல் விரல் எதுவும் இல்லை. தொட்டுப் பார்த்தாள்.

கைப்பிடி சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ பிடித்து விட்ட மாதிரி.

காரை எடுத்துக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறியபிறகுதான், எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. மலர்விழி இப்போது கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் நிற்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். எத்தனையோ முறை போக நினைத்திருக்கிறாள். ஒருமுறை பாதிவழி வந்து திரும்பியும் இருக்கிறாள். இன்று திரும்பவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் அந்தப் பொத்தான் மேலே வந்துவிடும் என்று குழந்தைத்தனமாக ஒரு நம்பிக்கை.

கடையில் பண்டிகைக் கூட்டம். ஒலிபெருக்கிப் பாட்டுச் சத்தம், புதுத்துணிக் கஞ்சி வாசனை. முப்பது வயதிருக்கும் ஒரு பெண் குனிந்து சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். சட்டையில் மலர்விழி என்று பெயர் குத்தியிருந்தது.

"என்னக்கா பாக்குறீங்க? காட்டன் சேலை எல்லாம் உள்ள..." நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சேலை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"நீங்களா?"

"என்னைத் தெரியுமா?" என்றாள் கௌசலா. இருவரும் சந்தித்ததே கிடையாது. விசாரணையில் ஆளாளுக்குத் தனித்தனி நாள்.

"அன்னைக்கு வார்டுல நின்னீங்களே."

"நான் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததே இல்ல."

மலர்விழி கடைக்காரரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "விடியக்காலை நாலு மணி. பவுனம்மா பெட் பக்கத்துல. இதே சாம்பல் சட்டை, கழுத்துல இதே டேக். கைப்பிடியைப் பிடிச்சிக்கிட்டு நின்னீங்க. மெஷினை செக் பண்ண கம்பெனியில இருந்து வந்திருக்காங்கன்னு நெனச்சேன். நீங்க இருக்கீங்கன்னு நம்பித்தான் அடுத்த பெட்டுக்குப் போனேன்." மீண்டும் கடைக்காரர் பக்கம் பார்த்துக்கொண்டாள். "என்கொயரில சொன்னேன்கா. கேமராவுல யாருமே இல்லையாம். தூக்கக் கலக்கத்துல உளறுறான்னு எழுதிட்டாங்க."

"மலர்விழி, நான் சொல்றதக் கேளுங்க. அது உங்க தப்பில்ல. உள்ள ஒரு ரப்பர் வளையம். அது தாங்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் சைன் பண்ணேன்."

பதினோரு மாதம் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லியாகிவிட்டது. ஒன்றும் இலேசாகவில்லை.

மலர்விழி அவள் கழுத்திலிருந்த டேக்கைப் பார்த்தாள். கோபப்படக்கூட இல்லை.

"அப்ப அங்க நின்னது நீங்கதான்," என்றாள். "பவுனம்மா கண்ணைத் தொறந்து உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. பயப்படவே இல்ல. பாத்துக்க ஆள் வந்தாச்சுன்னு நிம்மதியா இருந்தாங்க."

குனிந்து சேலையை எடுத்தாள். மடித்து அடுக்கில் வைத்தாள்.

"காஜாங்ல புது வார்டு திறந்திருக்காங்களாமே, பேப்பர்ல பாத்தேன். அங்கயும் உங்களோடதா?"

கௌசலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஐந்தாகப் பத்து நிமிடம். நோயாளிகளை மாற்றிய காலை எட்டிலிருந்து மனதுக்குள் எண்ணினாள். எட்டோடு பதினொன்று. ஏழு மணி.

காஜாங்குக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் தண்ணீர் சுவராக எழுந்தது. முன்னால் போன லோரிகளின் சிவப்பு விளக்குகள் கலங்கிக் கரைந்து மீண்டும் திரண்டன. ரஞ்சனுக்குப் போன் போட்டாள். காஜாங்குக்குச் சொல்லச் சொன்னாள், சுவாசக் கருவிகளைப் பெண்டன்ட்களிலிருந்து வேறு ஸ்டாண்டுக்கு மாற்றச் சொன்னாள், காரணத்தையும் சொன்னாள்.

"நீதானே கையெழுத்துப் போட்ட," என்றான் ரஞ்சன். "திங்கக்கிழமை உட்கார்ந்து பேசலாம். இத வேற யார்கிட்டயும் சொல்லாத, புரியுதா?" துண்டித்தான். ஆஸ்பத்திரியின் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மீண்டும் போட்டாள். பதிவுக்குரல் மலாயில் காத்திருக்கச் சொல்லி இசை போட்டது.

மழை இரைச்சலுக்கு அடியில், காருக்குள்ளேயே, மிகக் கிட்டத்தில், உஸ் என்றது. டயரில் காற்றுப் போகிறதோ என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆறு ஐம்பதுக்கு நான்காம் மாடியில் லிப்ட் திறந்தது. பார்வையாளர் நேரம். பழக்கூடையோடு உறவினர்கள் நின்றார்கள். பளபளக்கும் தரை, புதுப் பெயின்ட் வாடை. கவுன்டரில் கண்ணாடி அணிந்த மூத்த நர்ஸ் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். புஷ்பவல்லி என்றது பெயர்ப்பட்டை.

"சிஸ்டர்! பெண்டன்ட்... எல்லா ரூம்லயும்... உடனே மெஷினைக் கழட்டி வேற ஸ்டாண்டுல மாட்டணும். ஏழு மணிக்குள்ள. அது நகரும், சிஸ்டர். நான்தான் டிசைன் பண்ணேன். எனக்குத் தெரியும்."

புஷ்பவல்லி தலை நிமிர்ந்தார். மழையில் நனைந்து நின்றவளை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் குழப்பம்.

"எஞ்சினியர் மேடம், நீங்க எப்ப வெளிய போனீங்க?"

"என்ன?"

"மத்தியானத்துல இருந்து உள்ளதானே நிக்கிறீங்க? ஆறாம் நம்பர் ரூம்ல இப்பத்தான் பாத்தேன். டீ வேணுமான்னு கேட்டேன், நீங்க பேசவே இல்ல."

கௌசலா மெல்லத் திரும்பினாள்.

நீண்ட வராந்தா. இருபுறமும் ஆறு ஆறாக அறைகள். ஒவ்வொன்றுக்கும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிச் சுவர்.

முதல் அறையில் ஒரு முதியவர். பக்கத்தில் சாம்பல் சட்டை. அவளுடையதைப் போலவே பின்னால் இழுத்துக் கட்டிய கூந்தல். கைப்பிடியைப் பிடித்திருந்த வலது கை.

இரண்டாவது அறையில் சாம்பல் சட்டை.

மூன்றாவதில்.

நான்காவதில், ஐந்தாவதில். வராந்தாவின் கோடிவரை. பன்னிரண்டு முதுகுகள், பன்னிரண்டு கைகள். நோயாளிகள் எல்லோரும் அமைதியாக இருந்தார்கள்.

"சிஸ்டர், யாரையாவது கூப்பிடுங்க," என்றாள். குரல் வந்ததா என்று தெரியவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் ஏழு.

பன்னிரண்டு பெண்டன்ட்களும் ஒரே நேரத்தில் அசைந்தன.

மெதுவாக. மிக மெதுவாக. கண்ணாடிக்கு அப்பால் குழாய்கள் தொய்வு குறைந்து நீண்டன. உள்ளே ஒரு கருவி கூவத் தொடங்கியது. புஷ்பவல்லி நாற்காலியைத் தள்ளிவிட்டு முதல் அறைக்கு ஓடினார். கௌசலாவும் ஓட நினைத்தாள். முடியவில்லை. வலது கை அவளோடு வர மறுத்தது.

குனிந்து பார்த்தாள். வலது கை வயிற்றுக்கு நேரே, காற்றில், எதையோ பிடித்ததுபோல் மடங்கியிருந்தது. கட்டைவிரல் அழுந்தி, நகம் வெளுத்திருந்தது. விரலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

எடுத்தால் போதும். விரலை எடுத்தால் பிரேக் இறுகும்.

எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

இடது கையால் கட்டைவிரலைப் பற்றி, முழுப் பலத்தோடு இழுத்தாள். கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னால், பன்னிரண்டு அறைகளிலும், பன்னிரண்டு பெண்களும் இடது கையைக் கொண்டுவந்து தங்கள் கட்டைவிரலைப் பற்றி இழுத்தார்கள்.

ஒரு விரலும் அசையவில்லை. குழாய்கள் நீண்டுகொண்டே போயின.