பச்சைப் பென்சில்

“மா, நீ எல்லார் கணக்கையும் பார்க்குற. உன் கணக்கை யாரு பார்ப்பாங்க?”

மகளுக்கு அப்போது ஆறு வயது. சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள். மறு பாதியில் அம்மா ஒரு மருந்துக்கடைக்காரரின் பில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். “யாரும் பார்க்க மாட்டாங்க கண்ணு. அதுக்குத்தானே ஆபீஸ் வேலையை விட்டுட்டுத் தனியா பார்க்குறேன்” என்று அம்மா சிரித்தாள்.

எட்டு வருடங்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கணக்கு எழுத வந்த டைல்ஸ் கிடங்கின் பின்னறையில் அம்மா உட்கார்ந்திருந்தபோது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. ஏனென்றால், கை கழுவப் போகும் முன் அவள் கிளிப் போட்டு வைத்த அன்றைய வவுச்சர்கள் எல்லாவற்றிலும், தொகைக்குப் பக்கத்தில், யாரோ பச்சைப் பென்சிலால் டிக் போட்டிருந்தார்கள்.

அறையை அவள் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது.

பாரம் தூக்கும் ஆளைக் கூப்பிட்டாள். ஆறடி உயரம் என்பதால் கிடங்கில் எல்லாருக்கும் அவன் ‘கிரேன்’.

“இது உன் வேலையா?”

“நானா மேடம்? என் கையெழுத்தே ஒரு கோடுதான். அதையும் கோணலா போடுறேன்னு முதலாளி சம்பளத்துல பிடிப்பாரு.” தாளை வாங்கிப் பார்த்தவனின் சிரிப்பு பாதியில் நின்றது. “மேடம், இது நம்ம அண்ணன் டிக் மாதிரி இருக்கே. வாலை நீட்டமா இழுத்து…”

அவன் தாளை மேசையில் வைத்த வேகத்தில், அது சுடுகிறது என்று தோன்றியது.

அண்ணன் என்றால் பழைய காசாளர். இருபத்திரண்டு வருடம் இதே மேசையில் உட்கார்ந்தவர். செத்து ஏழு மாதம் ஆகிறது.

கிரேன் போனபின் அவள் அசையாமல் இருந்தாள். வெளியே ஓடுகளை இறக்கும் சத்தம், சிமெண்ட் தூசியின் வாசம், வைக்கோல் பொதியின் வாசம், எல்லாம் எப்போதும் போல இருந்தன; ஆனால் அவற்றுக்கு அடியில், மூடியைத் திறந்து யாரோ நெஞ்சில் தேய்த்துக்கொண்டதுபோல, தைலத்தின் குளிர்ந்த நெடி மெல்ல எழுந்து அறையை நிரப்பியது. அண்ணனுக்கு மூச்சிரைப்பு. எப்போதும் தைலம் தேய்த்திருப்பார்.

அவள் எழுந்து பீரோவைத் திறந்து போன வருடத்துக் கோப்பை எடுத்தாள். எடுக்காமல் இருந்திருக்கலாம். நானூற்றுச் சொச்சம் வவுச்சர்கள். எல்லாவற்றிலும் பச்சை டிக். இப்போதுதான் போட்டதுபோல, தொட்டால் விரலில் தூள் ஒட்டியது. ஒன்றில் மட்டும் டிக் இல்லை.

லாரிக்காரருக்குக் கொடுத்தது. எழுபத்துமூவாயிரம்.

அந்தத் தொகையை அவள் முப்பத்தேழாயிரம் என்று கணினியில் ஏற்றியிருந்தாள். ஏழும் மூன்றும் இடம் மாறிப்போயின. அவ்வளவுதான். ஆண்டு முடிவில் கணக்கில் இருக்க வேண்டிய ரொக்கத்தைவிடப் பெட்டியில் முப்பத்தாறாயிரம் குறைந்தது. முதலாளி காசாளரைப் பார்த்தார். காசாளர் அவளைப் பார்த்தார்.

“கண்ணு, வித்தியாசம் ஒன்பதால வகுபடுது பாரு. எங்கேயோ எண் இடம் மாறியிருக்கும். இன்னொரு தடவை பாத்துடும்மா” என்றார்.

கணக்கெழுதும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. ஆனால் வவுச்சர்கள் அவள் வீட்டில் இருந்தன; அடுத்த கிளையண்ட் காத்திருந்தார்; முதலாளி முன்னால் ஒரு காசாளர் தனக்குப் பாடம் எடுக்கிறாரே என்ற எரிச்சலும் இருந்தது. “ரெண்டு தடவை பார்த்துட்டேன்” என்றாள். ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அவர் மனைவியின் வளையல்களை விற்றுப் பணத்தைக் கட்டினார். வேலையும் போனது. நான்காம் நாள் அவள் பிழையைக் கண்டுபிடித்தாள். போனைக் கையில் எடுத்தாள். ஒரு தடவை தப்பு செய்தவள் என்று தெரிந்தால் இந்தத் தொழிலில் யார் கூப்பிடுவார்கள் என்று நினைத்தாள். போனைக் கீழே வைத்தாள். அந்தத் தொகையைச் சின்னச் சின்னதாக உடைத்து வேறு வேறு செலவுத் தலைப்புகளில் கரைத்துவிட்டாள். தப்பு செய்யாத மனிதர் இல்லை. கடவுளுக்கும் அது தெரியும். ஆனால் அன்று ஒரு போன் செய்திருந்தால் போதும், அந்த மனிதர் தலை நிமிர்ந்து செத்திருப்பார். அவள் இங்கே வேலை ஆரம்பித்த முதல் நாள் தன் மேசையில் பாதியைக் காலி செய்து, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தவர் அவர்.

அவள் கோப்பை மூடினாள். பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

டிக் அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மேசையில் இருந்த மூன்று கிளையண்டுகளின் கோப்புகள் மேல் பச்சை. திங்கள்கிழமை மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார்: “மச்சான் பையன் கணக்கு படிச்சிருக்கான் மேடம், தப்பா நினைக்காதீங்க.” செவ்வாய்க்கிழமை அச்சகத்துக்காரர். புதன்கிழமை மூன்றாமவர். டிக் போட்டதெல்லாம் முடிந்துபோன கணக்கு என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

புதன் மாலை ஜன்னலோரத் தொட்டிச் செடியின் இலையில் ஒன்று. வியாழன் காலை செடி கருகி நின்றது. மீன் தொட்டியின் கண்ணாடியில் ஒன்று. மதியத்துக்குள் மூன்று மீன்களும் வயிறு வெளுத்து மிதந்தன. அவள் ஈரத்துணியோடு அறை அறையாகப் போனாள், கதவுகளைப் பார்த்தாள், பாத்திரங்களைப் பார்த்தாள், செருப்புகளைப் புரட்டிப் பார்த்தாள். தைல நெடி அவளுக்கு ஓர் அறை முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மகளுக்குத் தலை பின்னினாள். முடியை ஒதுக்கியபோது கை நின்றது.

காதுக்குப் பின்னால். சின்னதாக. வால் நீண்டு.

“என்ன மா, பேனா?”

“ஒண்ணுமில்ல.”

“நேத்தே கூடப் படிக்கிறவ சொன்னா, தேய்ச்சாலும் போகல. ஏதோ மையா இருக்கும். இழுக்காத, வலிக்குது.” மகள் இருமினாள். இருமலுக்குப் பின்னால் ஒரு சீழ்க்கை. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்குள் யாரோ கதவைத் திறப்பதுபோல. பதினான்கு வயதுவரை இந்தக் குழந்தைக்குச் சளிகூடச் சரியாகப் பிடித்ததில்லை.

மகளைப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு விட்டுவிட்டு, அவள் கிடங்குக்கு ஓடினாள். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு மூச்சில்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். “சரி, இப்ப எதுக்கு மேடம் இது? ஆளே போயாச்சு. ஆடிட்டர் கையெழுத்தும் ஆச்சு. தைச்ச துணியைப் பிரிச்சுக்கிட்டு…”

“அவர் திருடல. அதை நீங்க எல்லார்கிட்டயும் சொல்லணும். பணத்தைத் திருப்பிக் குடுக்கணும்.”

“தப்பு பண்ணது நீங்க, தண்டம் கட்டுறது நானா? நல்லா இருக்கே நியாயம்!”

அவள் எழுந்தாள். வங்கிக்குப் போனாள். முப்பத்தாறாயிரம் எடுத்தாள். ஒரு தாளில் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதிக் கையெழுத்திட்டு, பணத்தோடு உறையில் வைத்தாள்.

காசாளரின் வீடு ஒரு குறுகலான தெருவின் கடைசியில் இருந்தது. மாலை வெளிச்சம் மங்கி, மழைக்கு முந்திய புழுக்கம் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அவங்களையா? தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிப் பெருக்கிட்டுப் போவாங்க.”

“உள்ள யாரும் இல்லையா?”

“பூட்டைப் பார்த்துட்டே கேக்குறீங்களே! கதவுல தபால் ஓட்டை இருக்கு பாருங்க, எதுனாலும் போட்டுட்டுப் போங்க.” முதல் தூறல் விழுந்தது. அந்தப் பெண் துணிகளை வாரிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தெருவில் யாரும் இல்லை.

தபால் திறப்பு கதவின் அடியில், முழங்கால் உயரத்தில் இருந்தது. நான்கு விரல் அகலம். மேலே ஒரு தகரத் தட்டி. அவள் மண்டியிட்டு, தட்டியைத் தூக்கி, உறையை உள்ளே நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் வந்து குனிந்து எடுப்பாள், படிப்பாள், தன் புருஷன் திருடன் இல்லை என்று உரக்கச் சொல்வாள். அது போதும் என்று நினைத்தாள்.

உறை கீழே விழும் சத்தம் கேட்கவில்லை.

யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

உள்ளே தாள் பிரிந்தது. நோட்டுகளை எண்ணும் ஓசை, நிதானமாக, ஒவ்வொன்றாக. எண்ணி முடிந்தது. பிறகு இன்னொரு முறை, முதலிலிருந்து. அவள் தட்டியைப் பிடித்தபடியே மண்டியிட்டிருந்தாள். மழை முதுகில் விழுந்தது. இரைந்த மூச்சு ஒன்று கதவின் மறுபக்கம் குனிந்து, அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

நின்றது. போகவில்லை. மீதிக்குக் காத்திருக்கும் ஆள்போல.

“என்ன வேணும் அண்ணே?” என்றாள்.

மூச்சு மட்டும்.

விற்ற வளையல்கள் இன்னும் பாக்கி இருந்தன. இருபத்திரண்டு வருடப் பெயர் இருந்தது. அவற்றையெல்லாம் எந்த உறையில் வைப்பது? எண்ணை மாற்றி எழுதியது இந்தக் கை. போனை எடுத்துவிட்டுக் கீழே வைத்ததும் இதே கை.

அவள் வலது கையை உள்ளே நீட்டினாள். மணிக்கட்டு வரை. முழங்கை வரை.

குளிர்ந்த விரல்கள் வந்து பற்றின. எழுதப் பழகும் குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல, பதமாக.

இடது பக்கம், பையில் போன் அடித்தது. எடுத்தாள்.

“மா! காதுக்குப் பின்னால இருந்தது அழிஞ்சுடுச்சு. தானாவே. இருமலும் நின்னுடுச்சு, அக்காவே ஆச்சரியப்படுறாங்க. நீ எங்க இருக்க? மழையா?”

“மழைதான் கண்ணு.” குரலை நிதானமாக்கிக்கொண்டாள். “கணக்கு ஒண்ணு முடிக்க வேண்டியிருக்கு. நீ சாப்பிட்டுப் படு.”

போனை ஈரப் படியில் வைத்தாள்.

விரல்கள் இறுகின. இழுத்தன. கதவு அசையவில்லை. பூட்டு அசையவில்லை. நான்கு விரல் அகலத் திறப்புக்குள் தோள் போனது. பிறகு கன்னம், தகரத்தின் விளிம்பில் அழுந்தி.

அவள் கத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் தட்டி மெல்ல இறங்கி மூடிக்கொண்டது. படியில் போனின் வெளிச்சம் மட்டும், மழையில், எரிந்துகொண்டிருந்தது.