பச்சைக் கோடு

கன்னியம்மா அக்காவின் வீட்டுக்கு நான் போனபோது முடிச்சூரில் மழை மூட்டம். எங்கள் நாவலூர் ஆபீஸைக் கூட்டித் துடைப்பவர் அவர். அவருடைய மகள் ஏஞ்சல் நெஞ்சுச்சளி முற்றி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிள்ளை பேசுகிற வீடியோ ஒன்றுதான் மிச்சம். அது இருந்த பழைய போனோ இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்தது.

வீடியோக்களைப் பத்திரமாக ஏற்றி வைக்கும் வெப்சைட் ஒன்றை நான் வடிவமைத்திருந்தேன். புதியவர்கள் பயந்து பாதியில் மூடிவிடக் கூடாதே என்று, எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் காட்ட ஒரு பச்சைக் கோடு வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்த வெப்சைட்டை அக்காவின் போனிலேயே திறந்து கொடுத்தேன்; வீடியோவை ஏற்றும் பட்டனை அவர் அழுத்தினார். கோடு மெல்ல நீண்டது.

உள் அறையில் ஒரு குழந்தை இருமியது.

"உள்ள யாருக்கா?"

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் இருட்டு. அங்கிருந்து தைல வாசனை வந்தது. நான் எழுந்து போய்த் திரையை விலக்கினேன். சுருட்டி வைத்த பாய் மட்டும்தான் இருந்தது.

இருமல் என் காலடியில் கேட்டது.

ஓடிவந்து அக்காவின் அருகில் உட்கார்ந்துகொண்டேன்.

"பயப்படாதம்மா. என் புள்ளதான். டெய்லி வருவா," என்றார் அவர், ரகசியம்போல.

கோடு பாதியைத் தாண்டியது. இருமல் தேய்ந்தது. இன்னும் நீண்டது. இருமல் தூரத்துத் தெருவில் கேட்பதுபோல ஆனது. தைல வாசனையும் குறைந்தது.

அக்காவின் முகம் வெளுத்தது. "இன்னாம்மா இது? புள்ள என்னை வுட்டுப் போய்கினு கீது!"

"இல்லக்கா, இது வெறும் காப்பி. வீடியோ உங்க போன்லயும் இருக்கும். இப்ப நிறுத்தினா போன் தாங்காது, ரெண்டும் போயிடும்."

சொல்லும்போதே என் குரலை நானே நம்பவில்லை.

கோடு முடிய நூலளவு பாக்கி.

வீடு முழுக்க அமைதி.

"ஏஞ்சலு!" என்று அலறியபடி அக்கா நிறுத்தும் பட்டனை அழுத்தினார். கோடு மறைந்தது. போனும் அப்படியே கறுத்து அணைந்தது. எவ்வளவு முயன்றும் அது திரும்ப உயிர் பெறவில்லை.

உள்ளே மறுபடி இருமல். முன்பைவிடப் பலமாக.

"வீடியோல மூஞ்சி போனா போவுதும்மா. அவ இங்கதான கீறா," என்று அக்கா அழுதுகொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க என்னால் முடியவில்லை. எழுந்து வெளியே வந்தேன்.

வாசலில் குனிந்து செருப்பை மாட்டினேன். யாரும் இல்லாத இடத்திலிருந்து என் காதருகே சூடான மூச்சு ஒன்று இளைத்தது.

"இன்னும் கொஞ்சந்தானே ஆன்ட்டி இருந்துச்சு... அம்மாவ ஏன் நிறுத்த வுட்டீங்க? மூச்சு முட்டுது ஆன்ட்டி."